வெள்ளைப்புலி முன்னால் மட்டும் ஏன் கூட்டம்?

குட்டீஸ், உங்கள் வகுப்பறைச் சுவரில் 'காட்டு விலங்குகள்' சார்ட் தொங்குகிறதா? அநேகமாக அது நம்ம சிவகாசியில் அச்சடித்ததாகத்தான் இருக்கும். அதில் சிங்கம் எப்போதும் வாயைப் பிளந்து கர்ஜிக்கும். புலி பாய்வதற்குத் தயாராக நிற்கும். யானை தும்பிக்கையைத் தூக்கிக் காட்டும். ஒரு விலங்காவது தூங்குகிறதா? கிடையாது!

இந்த சார்ட்டைப் பார்த்து வளர்ந்த நீங்கள், பள்ளிச் சுற்றுலாவில் வண்டலூர் போகிறீர்கள். ராத்திரி முழுக்க ரயில் பயணம். 500 கிலோ மீட்டருக்கு மேல். மதிய வெயிலில் நடந்து நடந்து சிங்கம் இருக்கும் இடத்துக்கு வந்தால், அது ஒரு மர நிழலில் மல்லாந்து படுத்திருக்கிறது. சில சமயம் வால் நுனி கூடத் தெரியாது. "சே, ஏமாத்திட்டாங்கடா!" என்று ஒருவன் கத்துவான். இன்னொருவன் விசில் அடிப்பான். சிறுவர்கள் மட்டுமா? கூட வந்த பெரியவர்களும் கை தட்டிக் கூப்பிடுவார்கள், என்னவோ சிங்கம் அவர்கள் வீட்டு நாய்க்குட்டி மாதிரி!

சிங்கம் ஒரு நாளில் 18, 20 மணி நேரம் கூடச் சும்மா படுத்துக் கிடக்கும். காட்டிலும் அப்படித்தான். அதன் மேல் தப்பே இல்லை.

சென்னை மிருகக்காட்சி சாலைக்கு வயது 170-க்கு மேல். 1855-ல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கியது. பிறகு சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. அந்தக் காலத்தில் எல்லாம் கூண்டுதான். விலங்கு ஒளிய இடமே இல்லாததால், போனவர்கள் எல்லாரும் நன்றாகப் பார்த்தார்கள்! 1985-ல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறந்தபோது கம்பிக் கூண்டுக்குப் பதில் அகழி வந்தது. மரம், புதர், நிழல் எல்லாம் கிடைத்தன. விலங்குக்கு விருப்பம் இல்லை என்றால் நம் கண்ணில் படாமல் போய்ப் படுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு ஏமாற்றமாகத் தெரிகிறதே, அதுதான் விலங்குக்குக் கிடைத்த பெரிய வசதி.

என் கோபம் வேறு இடத்தில். இந்த விஷயத்தை உங்களுக்கு அங்கே யார் சொல்கிறார்கள்?

வண்டலூரில் பெரியவர்களுக்கான நுழைவுக் கட்டணம் 2023-ல் 115 ரூபாயிலிருந்து 200 ரூபாய் ஆனது. பேட்டரி வண்டிக்குத் தனிக் கட்டணம், சிங்க சஃபாரிக்குத் தனிக் கட்டணம். கறி, பழம், மருத்துவர் என்று செலவு இருக்கிறது, கட்டணம் வாங்கட்டும். ஆனால் 1998-ல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய விலங்குக் காட்சி சாலைக் கொள்கையில், இப்படிப்பட்ட இடங்கள் வன உயிர்களைக் காப்பாற்ற உதவ வேண்டும், மக்களுக்கு அதைப் பற்றிக் கற்றுத் தரவும் வேண்டும் என்று இருக்கிறது. வேடிக்கை காட்டுவது மட்டும் வேலை இல்லை. சஃபாரி வண்டிக்கு வாங்கும் காசில் ஒரு பங்கை, அகழி ஓரம் நின்று விலங்கைப் பற்றிக் கதை சொல்லும் ஓர் ஆளுக்குக் கொடுத்தால் என்ன?

வெள்ளைப்புலியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பூங்காவிலும் கூட்டம் அதிகம் சேருவது அதன் முன்னால்தான். அது தனி இனம் என்று நினைத்துக் கொண்டிருக்கிறீர்களா? இல்லவே இல்லை. சாதாரண வங்கப்புலிதான், பரம்பரைக் குணத்தில் வந்த ஒரு மாற்றத்தால் நிறம் வெளுத்திருக்கிறது. 1951-ல் மத்தியப் பிரதேசத்தின் ரேவா பகுதியில் ஒரு வெள்ளைக் குட்டியைப் பிடித்து 'மோகன்' என்று பெயர் வைத்தார்கள். அதே நிறத்தில் இன்னும் குட்டிகள் வேண்டும் என்பதற்காக, மோகனை அதன் மகளோடேயே சேர்த்து வளர்த்தார்கள். இன்று கூண்டுகளில் இருக்கும் வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை மோகனின் வாரிசுகள். இப்படி நெருங்கிய சொந்தத்திலேயே குட்டிகள் பிறந்ததால் எத்தனையோ உடல் கோளாறுகள். 2011-ல் அமெரிக்க உயிரியல் பூங்காக்களின் சங்கம், தன் உறுப்பினர்கள் வெள்ளைப்புலிகளைப் பெருக்கக் கூடாது என்றே சொல்லிவிட்டது. காட்டைக் காப்பாற்ற அவை உதவாது. டிக்கெட் விற்கத்தான் உதவும்.

இனி சோலைமந்தியைப் பாருங்கள். சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறு எந்தக் காட்டிலும் கிடையாது. நமக்குப் பக்கத்தில் மேகமலையில் இருக்கிறது! வண்டலூரிலும் இதை வளர்த்துப் பெருக்குகிறார்கள். ஒரு பூங்கா நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வேண்டிய வேலை இது. ஆனால் அந்தக் குரங்கின் முன்னால் எத்தனை பேர் ஐந்து நிமிடம் நிற்கிறார்கள்? "குரங்குதானே" என்று போய்விடுகிறார்கள். அது எவ்வளவு அரிய உயிர் என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால், வேறு எப்படி இருக்கும்?

வண்டலூரில் விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டம் இருக்கிறது. பணம் கட்டி ஒரு விலங்கின் பராமரிப்பை ஏற்றுக்கொள்ளலாம். நடிகர் சிவகார்த்திகேயன் 2018-ல் 'அனு' என்ற வெள்ளைப்புலியைத் தத்தெடுத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நல்ல காரியம்தான். பிறந்துவிட்ட அனுவும் சாப்பிட வேண்டுமே! ஆனால் பணம் கொடுப்பவர்களுக்கு, "அடுத்து எந்த விலங்கைப் பெருக்கப் போகிறீர்கள்?" என்று கேட்கும் உரிமையும் உண்டு என்பது என் கட்சி. டிக்கெட் வாங்கும் உங்களுக்கும்தான்.

கேட்பவர்கள் நம் பக்கத்தையும் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். விலங்கைச் சீண்டுவது, தீனி போடுவது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வது எல்லாமே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விசில் அடித்த தம்பி, காதில் விழுகிறதா?

இன்னொன்று. சிவகாசியிலிருந்து சுமார் 20 கிலோ மீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே மலையடிவாரத்தில் நரை அணிலுக்காகவே 1988-ல் ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். 2021-ல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. இந்த அணில் தரைக்கு அதிகம் இறங்காது. மரக்கிளைகள் ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குப் பாதை. நடுவில் நான்கு மரத்தை வெட்டினால் அதன் ரோடு கட்! இதைத் தெரிந்துகொள்ள ராத்திரி ரயில் ஏற வேண்டியதில்லை. செண்பகத்தோப்புப் பக்கம் போனவர்கள் யாராவது உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், கேளுங்கள்.

அப்புறம் வண்டலூர் போகும்போது மூன்று கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். சோலைமந்திக்கு எப்போது தீனி வைப்பீர்கள்? அந்த நேரத்தில் எங்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் வருவாரா? வெள்ளைப்புலியின் உண்மைக் கதையை ஏன் பலகையில் எழுதக் கூடாது? பதில் கிடைக்காவிட்டால், வகுப்பில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுப் பூங்கா இயக்குநருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. அன்றைக்குப் போய் வாசலில் நிற்காதீர்கள்!