ஆர்மடில்லோவும் தொழுநோயும்

தொழுநோய் மனிதனை மட்டுமே பற்றுவது என்பது நெடுநாளைய கொள்கை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் வாழும் ஒன்பது பட்டை ஆர்மடில்லோ அக்கொள்கையைத் தளர்த்திவிட்டது. இப்பிராணியின் உடல் வெப்பம் மனித உடலினும் குறைவு. குளிர்ந்த திசுக்களை நாடும் தொழுநோய்க் கிருமிக்கு அது ஏற்ற இடம். காட்டு ஆர்மடில்லோக்களிடமும் அப்பகுதி நோயாளர் பலரிடமும் ஒரே வகைக் கிருமி இருத்தல் 2011-ஆம் ஆண்டில் மரபணு ஆய்வால் தெளிவாயிற்று. அவற்றுக்கு இந்நோயை முதலில் தந்தவன் கடல் கடந்து அங்குக் குடியேறிய மனிதனே என்று கருதப்படுகிறது.

இச்செய்தியை நம் நாட்டில் எடுத்துரைப்போர் சற்றுக் கவனமாய் இருத்தல் வேண்டும். ஆர்மடில்லோ இந்தியக் காடுகளில் இல்லை. உருவில் ஓரளவு ஒத்த அழுங்கு முற்றிலும் வேறு இனம். படத்தைக் காட்டியதோடு நிறுத்திவிடும் ஆசிரியர், அறியாமலே அந்த அப்பாவிப் பிராணிக்குப் பழி தேடித் தந்தவராவார். அதற்கு வேட்டைக்காரரின் தொல்லையே போதும்.

உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். சிகிச்சை பெறாத நோயாளருடன் நெடுநாள் நெருங்கிப் பழகுவதாலேயே இங்கு நோய் பெரும்பாலும் பரவுகிறது. ஆகவே களப்பணியாளர் தேட வேண்டிய இடம் காடன்று, நோயாளியின் வீடே. வீட்டாரையும் அயலாரையும் உணர்ச்சியற்ற தேமல் உண்டா எனச் சோதிப்பதோடு, கூட்டு மருந்து தொடங்கியபின் தொற்று விரைவில் நீங்கும் என்பதையும் அன்றே அவர்களிடம் கூறிவிட வேண்டும்.