செல்லாது என்று சொல்ல நாம் யார்?

பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கடைக்காரர்களைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் இருக்க முடியாது. நகரத்துக்காரருக்கு அது சில்லறைத் தொல்லை; அடுத்த தெருவில் வங்கி இருக்கிறது. கொல்லிமலையின் பெரக்கரை நாட்டில் மிளகும் காப்பியும் விற்று வாழ்பவருக்கு அப்படியில்லை. வங்கியில் மாற்றிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொன்னால், அன்றைய வேலை கெட்டது. எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போனாலும், கீழே உள்ள கடைக்காரரும் அதையே சொன்னால் என்ன செய்வார்?

இந்த நாணயம் செல்லாது என்ற வதந்தியின் வேர் அதன் முகத்திலேயே இருக்கிறது. பழையதில் 10 என்ற எண்ணுக்கு மேல் 15 கோடுகள், ரூபாய்க் குறி இல்லை. 2011-க்குப் பின் வந்ததில் 10 கோடுகள், குறி உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த யாரோ, ஒன்று கள்ளக்காசு என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களை ஆயிரம் ரூபாய் வரை கொடுக்கலாம். ஆனாலும் வாட்ஸ்அப்தான் ஜெயித்தது.

மக்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 1978-இல் ஆயிரம் ரூபாய் போனது. 2011-இல் நாலணா போனது. 2016 நவம்பரில் ஒரே இரவில் ஐந்நூறும் ஆயிரமும் போயின. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது.

அமெரிக்கா இதில் வேறு வழியில் போனது. 1861 முதல் அந்த அரசு வெளியிட்ட தாள்கள் இன்றும் செல்லும். 500 டாலர் முதல் 10,000 டாலர் வரையிலான பெரிய தாள்களை 1969-இல் நிறுத்தினார்கள். கையில் வைத்திருந்தவருக்கு ஒரு சென்ட் நஷ்டமில்லை. ஒரு சென்ட் செய்ய மூன்றரை சென்ட்டுக்கு மேல் செலவாகிறது என்று 2025 நவம்பரில் புழக்கத்துக்கான பென்னி வார்ப்பையும் நிறுத்தினார்கள். இருக்கிற பென்னிகள் செல்லும். அங்கும் தனியார் கடை ரொக்கம் வாங்கியே ஆக வேண்டும் என்று மத்தியச் சட்டம் இல்லை. ஆனால் காசு செல்லுமா என்ற சந்தேகம் யாருக்கும் வருவதில்லை.

காசு கடையில் செல்லும் மதிப்பு ஒன்று; சேகரிப்பாளர் தரும் விலை வேறு கணக்கு. 1933-இல் வார்த்த 20 டாலர் தங்க நாணயங்களை வெளியே விடாமல் உருக்கிவிட்டார்கள். தப்பியவற்றில் தனியார் வைத்துக்கொள்ள அரசு அனுமதித்த ஒன்றே ஒன்று, 2021 ஏலத்தில் 1 கோடியே 89 லட்சம் டாலருக்குப் போனது. அந்த விலை அருமைக்கு, தங்கத்துக்கு அல்ல. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய்த் தாளுக்கு லட்சம் தருவதாக வரும் விளம்பரங்களில் இந்த அருமை எங்கே இருக்கிறது? ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்த மோசடி அது. முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

பத்து ரூபாய்க்குத் தீர்வு அறிக்கையில் இல்லை, கல்லாவில் இருக்கிறது. அரசுப் பேருந்து, ரேஷன் கடை, டாஸ்மாக் ஆகிய மூன்றும் மறுபேச்சில்லாமல் வாங்கட்டும். சில்லறையாகத் திருப்பியும் கொடுக்கட்டும். டாஸ்மாக் வாங்கும் காசை மளிகைக்கடை மறுக்காது. நாமக்கல் மாவட்ட நிர்வாகம் இதைக் கொல்லிமலையிலிருந்தே தொடங்கலாம்.