எண்ணப்படாதோர் எத்துணைப் பேர்?

திண்டுக்கல் மாவட்டத்தில் காசநோயாளர் எத்துணைப் பேர் எனக் கேட்டால், மருத்துவமனைப் பதிவேட்டைக் காட்டுவதே வழக்கம். அப்பதிவேடு கூறுவது வந்து சேர்ந்தோரின் தொகை மட்டுமே. வாராதோரை அறிய வேண்டின், நாமே அவர்தம் வாயிலுக்குச் செல்லுதல் வேண்டும்.

2019 முதல் 2021 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு தழுவி நடத்திய கணக்கெடுப்பு இதனைத் தெளிவாக்கியது. பதினைந்து வயதும் அதற்கு மேலும் உடையோரில் இலட்சத்துக்கு 316 பேருக்கு நுரையீரல் காசநோய் இருந்தது. அறிகுறி உடையோருள் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் மருத்துவ உதவியை நாடவேயில்லை!

இலட்சத்துக்கு 316 எனில், ஆயிரம் பேரைச் சோதித்தால் மூவரே கிடைப்பர். அம்மூவர் ஒருவராவதும் அறுவராவதும் தற்செயல். ஆகவே பல்லாயிரவரைச் சோதித்தாக வேண்டும். ஒரே கூரையின்கீழ்ப் பரவும் நோயாதலின், ஓரூரில் முழுவதும் காண்பதினும் பல ஊர்களில் பகுதி பகுதியாகக் காண்பதே பயன் தரும். அப்பகுதிகளையும் குலுக்கல் முறையிலேயே தெரிதல் வேண்டும். தாமே முன்வருவோரை எண்ணுவது முகாமாகுமேயன்றிக் கணக்கெடுப்பு ஆகாது.

இனி, வீட்டில் இல்லாதோர். பேகம்பூர்த் தோல் தொழிலாளியும் பூட்டுப் பட்டறைக்காரரும் ஒட்டன்சத்திரச் சந்தையில் மூட்டை சுமப்பவரும் பகற்பொழுதில் வீட்டில் இரார். இருப்போரை மட்டும் எண்ணினால் பெண்டிரும் முதியோருமே மிகுவர். மேற்சொன்ன கணக்கெடுப்பிலோ நோய் ஆண்களிடையேதான் மிகுதி. விடுபட்டவரே நோயாளராயின் தொகை குறைந்து தோன்றும். மருந்தும் பணமும் அதற்கேற்பக் குறைந்தே ஒதுக்கப்படும். ‘பக்கத்து வீட்டாரை எண்ணிக்கொண்டால் போயிற்று’ என்பாருடன் நாம் உடன்படோம். மாலையிலும் விடுமுறை நாளிலும் மீண்டும் சென்று, தெரிவான அவரையே காணுதல் வேண்டும்.

பெண்களை எண்ணுவதும் எளிதன்று. அந்நிய ஆடவர் முன்னிலையில் சளி கொடுக்க அவர்கள் கூசுவர். குழுவில் பெண் ஊழியர் இன்றியமையாதவர். மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டார் இருமலை மறைப்பர். பெயர் வெளிவராது என்ற உறுதியை ஜமாஅத் பெரியோர் முன்னின்று அளித்தால், மூடிய கதவுகள் பல திறக்கும். அவ்வுறுதியை ஆய்வுக் குழுவினரும் காத்தல் வேண்டும்.

தமிழ் பயிலும் மாணவர்க்கும் இங்குப் பணி உண்டு. ‘காசம் உண்டா?’ என்றால் சினப்போர், ‘ரெண்டு வாரமா இருமல் இருக்கா?’ என்றால் விடை தருவர். வினாப்படிவம் மக்கள் பேச்சில் அமைதல் வேண்டும். அதனை ஆங்கிலப் படிவத்தின் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பாக விட்டுவைப்பது நம் துறைக்கு அழகன்று.