கேட்கும் மைக் பேசுகிறது!

ஆடி மாதம் வந்துவிட்டால் சேலம் வட்டாரம் முழுவதும் மாரியம்மன் பண்டிகைதான். ஆட்டையாம்பட்டியில் வீட்டுக்குள் உட்கார்ந்து கைமுறுக்குச் சுற்றுகிறவர்கள் காதிலும் ஒலிபெருக்கிப் பாட்டு வந்து விழும். மேடையில் நிற்கும் மைக் நாம் பேசுவதை வாங்கிக்கொள்ளும்.

அந்த மைக்கே வாய் திறந்து பேசினால்?

பேச வைத்திருக்கிறார், மும்பையைச் சேர்ந்த ஷில்பா குப்தா. 1976-ல் பிறந்தவர். சிற்பக் கலை படித்தவர். ஆனால் இந்தச் சிற்பத்தில் கல்லும் இல்லை, உளியும் இல்லை.

ஒரு மங்கலான கூடம். மேலிருந்து 100 மைக்குகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஓர் இரும்புக் கம்பி. கம்பியின் கூர்முனை ஒரு காகிதத்தைக் குத்தி நிற்கிறது. காகிதத்தில் கவிதை வரிகள். எழுதிய கவிஞர்கள் 100 பேரும் சிறை சென்றவர்கள்! எழுத்துக்காகவும் கொள்கைக்காகவும் அடைக்கப்பட்டவர்கள். பல நூற்றாண்டுகளின், பல நாடுகளின் கவிஞர்கள்.

ஒரு மைக் கவிதை சொல்கிறது. மற்ற மைக்குகள் சேர்ந்து திருப்பிச் சொல்கின்றன. பிறகு இன்னொரு மூலையிலிருந்து இன்னொரு மொழி.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. சில வகை மைக்குகளுக்குள் மெல்லிய தகடும், கம்பிச் சுருளும், காந்தமும் இருக்கும். குரல் பட்டுத் தகடு அதிர்ந்தால் மின்சாரம் பிறக்கும். மின்சாரத்தை எதிர்வழியில் செலுத்தினால் தகடு அதிர்ந்து ஒலி பிறக்கும். கம்பியை மாற்றி இணைத்தார். கேட்ட கருவி பேசியது.

2018-ல் கொச்சியில் தொடங்கிய கலைவிழாவிலும், 2019-ல் இத்தாலியில் வெனிஸ் நகரிலும் மக்கள் இதைக் கண்டார்கள். கேட்டார்கள் என்பதே சரி.

"இதெல்லாம் சிற்பமா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வாய் அடைக்கப்பட்டவனின் குரலைக் கல்லில் எப்படிச் செதுக்குவது? அதற்கு மைக்தான் பொருத்தம்.

நமக்கும் இது அந்நியக் கதை அல்ல. பாரதியார் மறைந்த பிறகும் வெள்ளைக்கார அரசு அவர் பாடல்களை விடவில்லை. 1928-ல் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி கொதித்து எழுந்தார். பக்கத்து ஊர்க்காரரான நாமக்கல் கவிஞர் சத்தியாக்கிரகத்தில் இறங்கிச் சிறை சென்றார். அவர் ஓவியரும்கூட!

வெனிஸில் ஷில்பா குப்தாவின் இன்னொரு படைப்பும் இருந்தது. வீட்டு வாசலில் போடுகிற இரும்புக் கேட்தான். இயந்திரம் அதை ஆட்டுகிறது. இப்படியும் அப்படியும் சென்று சுவரில் மோதுகிறது. மோத மோதச் சுவர் உதிர்கிறது.