சிறு தொட்டியும் பெருங்கடமையும்

பவளப்பாறைகள் நிறைந்த கடற்பகுதியைக் கண்டோர் அதன் எழிலை எளிதில் மறப்பதில்லை. தெளிந்த நீரின் அடியில் பவளக் கொத்துகள் பூஞ்சோலைபோல் விரிந்திருக்கும். அவற்றினிடையே செம்மஞ்சளும் நீலமும் ஊதாவும் பூண்ட சிறு மீன்கள் கூட்டங் கூட்டமாகத் திரியும். இவ்வழகைத் தம் இல்லத்திலேயே கண்டு மகிழ வேண்டும் என்னும் ஆசை சிலருக்கு எழுவது இயல்பே. அவர்கள் கண்ணாடித் தொட்டியில் உப்பு நீரை நிரப்பி, கல்லும் மணலும் இட்டுக் கடல்மீன்களை வளர்க்கின்றனர். இஃது இனிய பொழுதுபோக்கேயாயினும், ஏனைய பொழுதுபோக்குகளைப் போன்றது அன்று. தபால்தலை சேர்ப்பவன் அவற்றை ஒரு திங்கள் மறந்திருக்கலாம். மீன் வளர்ப்பவன் அவ்வாறு மறத்தல் ஆகாது. ஓர் உயிரைக் காக்கும் பொறுப்பை ஏற்றவன், தன் கண் விரும்பும் மீனை நாடாது, தன் தொட்டி தாங்கும் மீனையே தேர்ந்துகொள்ளல் வேண்டும்.

ஆசை அளவு கடந்தால் விளையும் கேட்டினை இங்கிலாந்து நாடு சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே கண்டது. 1853-ஆம் ஆண்டில் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பெற்றது. அதற்குத் துணைநின்ற பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை அறிஞர், அடுத்த ஆண்டிலேயே கடல்வாழ் உயிர்களைத் தொட்டியில் வளர்க்கும் முறையை ஒரு நூலாக எழுதினார். நூலைப் படித்து மகிழ்ந்த மக்கள் கடற்கரைக்கு விரைந்தனர். பாறைக் குழிகளில் வாழ்ந்த உயிர்களை வாரிச் சென்றனர். எழில் குலுங்கிய குழிகள் வெறுங்குழிகள் ஆயின. தம் எழுத்தே இவ்வழிவிற்கு வழி செய்ததை எண்ணிக் காஸ் வருந்தினார். அவர் மைந்தர் எட்மண்டு காஸ், 1907-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இத்துயரைப் பதிவு செய்துள்ளார். அம்மக்கள் கடலை வெறுத்தவர் அல்லர். அதன் அழகில் ஈடுபட்டவரே. அறிவோடும் அடக்கத்தோடும் சேராத அன்பு, அன்பு செலுத்தப்பெற்ற பொருளையே அழித்துவிட்டது.

கடல் பரந்தது, தொட்டியோ குறுகியது. சிறிய தொட்டியைப் பேணுதல் எளிது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. கடல்நீரின் ஆயிரம் பங்கில் ஏறத்தாழ 35 பங்கு உப்பு உண்டு. கடலில் இவ்வளவு எளிதில் மாறுவதில்லை. தொட்டியிலோ நீர் ஆவியாகப் போகும், உப்புத் தங்கிவிடும். ஆதலால் குறைந்த நீருக்கு ஈடாகத் தூய நன்னீரை நாள்தோறும் சேர்த்தல் வேண்டும். நீரின் அளவு குறையக் குறைய, வெப்பமும் உப்பும் விரைந்து மாறுபடும். பெருந்தொட்டி பொறுக்கும் பிழையைச் சிறுதொட்டி பொறாது.

மற்றுமோர் இடரும் உண்டு. மீன்களின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு தோன்றுகின்றது. கல்லிலும் மணலிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்கள் பெருகி நிலைபெறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியில் மீன் இருத்தல் கூடாது. விலை மலிந்த மீன் ஒன்றை முதலில் விட்டு, அது பிழைக்கின்றதா என்று பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. விலை மலிந்த மீனுக்கும் உயிர் ஒன்றே, துன்பமும் ஒன்றே. ஆறு வாரம் காத்திருக்கப் பொறுமை இல்லாதவன், ஆண்டுக்கணக்கில் மீனைக் காக்கும் பொறுமையை எங்ஙனம் பெறுவான்?

மீனைத் தேர்வோர் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. அது எவ்வளவு வளரும்? எதனை உண்ணும்? எவற்றோடு இணங்கி வாழும்? கடையில் விரல் நீளமே தோன்றும் நீலநிற டாங் மீன் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது; நெடுந்தொலைவு நீந்தித் திரியும் இயல்பினது. நூறு லிட்டர் தொட்டி அதற்குச் சிறைக்கூடமே ஆகும். ஓவியம் தீட்டினாற்போன்ற மாந்தரின் மீனோ அளவிற் சிறியதுதான். ஆயின், அது பாறைகளில் ஊரும் மிக நுண்ணிய உயிர்களை நாள் முழுதும் பொறுக்கித் தின்பது. சிறுதொட்டியில் அவ்வுணவு விரைவில் தீர்ந்துபோகும். இடும் உணவைப் பெரும்பாலும் அது தொடாது. அழகு குன்றாமலே பசியால் மெலிந்து மாளும். டாம்சல் மீன்களிற் பல, வளர வளரத் தம் எல்லைக்குள் வரும் பிற மீன்களைத் துரத்தித் துன்புறுத்தும்.

சிறுதொட்டிக்கு ஏற்ற மீன்களும் உண்டு. கோமாளி மீன் அவற்றுள் ஒன்று. பவளப்பாறையில் அது கடற்சாமந்தியின் அருகிலேயே தன் நாளைக் கழிப்பது. ஆகவே குறுகிய இடத்திற்கு இசைவது. தொட்டியில் கடற்சாமந்தி இல்லாமலும் அது நலமாக வாழும். கோமாளி மீன்கள் யாவும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்திற் பெரியது பின்னர்ப் பெண்ணாகின்றது. எனவே இளமீன்கள் இரண்டைச் சேர்த்து வளர்த்தால் அவை துணையாகிவிடும். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தல் பகைக்கே வழியாகும். இவ்விணையோடு, இறாலுடன் ஒரே வளையில் கூடி வாழும் சிறிய உளுவை மீன் ஒன்றையும் வைக்கலாம். இறால் வளையைத் தோண்ட, கண் கூர்மையான உளுவை வாயிலில் நின்று காவல் புரியும் காட்சி, கூட்டுறவின் பெருமையைக் கற்பிக்கும். நூறு லிட்டர் தொட்டிக்கு இத்தகைய மீன்கள் மூன்று போதும். நிறைய மீன்கள் நெருங்கி வாடுவதைவிட, சில மீன்கள் நிறைவோடு வாழ்வதே கண்ணுக்கும் விருந்தாகும்.

மீன் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்டறிதல் கடமையாகும். பவளப்பாறைகளில் சயனைடு நஞ்சைப் பீய்ச்சி, மயங்கிய மீன்களைப் பிடிக்கும் கொடிய வழக்கம் 1960-ஆம் ஆண்டை அடுத்துப் பிலிப்பைன்சு நாட்டில் பரவியது. அந்நஞ்சு மீனைக் கெடுப்பதோடு பவளத்தையும் கொல்கின்றது. இதற்கு மாற்று, பண்ணையில் பிறந்து வளர்ந்த மீனை வாங்குவதேயாகும். மண்டபத்திலும் விழிஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்துள்ளனர். பண்ணையில் பிறந்த மீன் இட்ட உணவை ஏற்கும். தொட்டி வாழ்வுக்குப் பழகியிருக்கும். கடலுக்கும் இழப்பு இல்லை. மேலும், பவளங்களும் கடற்குதிரைகளும் இந்தியாவில் 2001-ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் ஒடித்தெடுத்த பவளக் கிளை ஒன்று வீட்டுத் தொட்டியை அணி செய்தல் அழகன்று, குற்றம். செயற்கையாகச் செய்த துளைக்கற்களே அவ்விடத்திற்குப் போதும்.

வாங்கிய மீனை உடனே தொட்டியில் விடாது, நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துக் காத்தல் நலம். வெண்புள்ளி நோய் முதலியன இருப்பின் ஆங்கே மருந்திடலாம். செம்பு கலந்த மருந்தைப் பெருந்தொட்டியில் இட்டால் இறால் முதலியன மடியும். மின்சாரம் தடைப்படும்போது நீரில் காற்றுக் குறைந்து மீன்கள் திணறும். ஆகவே மின்கலத்தால் இயங்கும் காற்றுப் பொறி ஒன்றை முன்னரே வாங்கி வைத்தல் வேண்டும். மீன் சலித்துவிட்டது என்று அதனைக் கடலில் விடுதலும் தீது. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் பெருங்கடலிலும் வாழும் சிங்க மீன், 1985-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாக் கடலில் காணப்பட்டது. இன்று அது கரிபியன் கடலெங்கும் பரவி, ஆங்குள்ள சிறு மீன்களை விழுங்கி வருகின்றது. மீன் வளர்ப்போர் கைவிட்டவையே இதற்கு மூலம் என்று அறிஞர் கருதுகின்றனர்.

இத்துணைத் தொல்லை எதற்கு, கடலில் மீனுக்குக் குறையுண்டோ என்பார் சிலர். கடலில் மீன் பலவாகலாம். தொட்டியில் உள்ள மீனுக்கோ வேறு கடல் இல்லை. அப்படியாயின் மீன் வளர்த்தலையே விலக்கிவிடுதல் நன்று என்பார் வேறு சிலர். அதுவும் முழுமையான முடிபு அன்று. ஒரு மீனின் பசியையும் அச்சத்தையும் நாள்தோறும் கூர்ந்து நோக்கியவன், கடலின் துன்பத்தையும் உணர வல்லவனாவான். ஆனால் கடமையை ஏற்க இயலாதவன் விலகி நிற்பதே அறம். நன்கு பேணப்பெற்ற கோமாளி மீன் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்ததுண்டு. பள்ளி மாணவன் ஒருவன் இன்று வாங்கும் மீன், அவன் கல்வி முடித்துத் தொழில் தேடி வெளியூர் சென்ற பின்னும் உயிரோடிருக்கக்கூடும். அன்று அதற்கு உணவிடுபவர் யார் என்பதை, வாங்கும் நாளிலேயே அவன் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எண்ணிய பின்னும் மீனை விரும்புபவனே அதனை வளர்க்கத் தக்கவன்.