எந்திரனியலுக்கு எப்பட்டம்?

மேனிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும், "எந்திரனியலில் பிள்ளை முன்னேற வேண்டும், எப்பட்டத்தில் சேர்க்கலாம்?" என்று பெற்றோர் நம்மையும் வினவுகின்றனர். தமிழ்த்துறையாரிடம் இவ்வினா ஏன் எனச் சிலர் நகைக்கலாம். ரோபோ என்னும் சொல்லே, செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்தின் வழியாக உலகுக்குக் கிடைத்ததுதான். ஆகவே நமக்கும் இதிற் சிறிது உரிமை உண்டு!

எந்திரனியல் என்று பெயர் தாங்கிய பட்டமே வேண்டுமெனக் கடன்பட்டு நன்கொடை கொடுத்துச் சேர்த்தல் தேவையற்றது என்பது நம் கருத்து. 1961இல் அமெரிக்கக் கார் ஆலையொன்றில் பணிக்கு அமர்ந்த 'யூனிமேட்' எந்திரனை உலகறியச் செய்த ஜோசப் எங்கல்பெர்கர் இயற்பியல் பயின்றவர். வீட்டுத் தரையைத் தானே துப்புரவாக்கும் 'ரூம்பா'வை 2002இல் அளித்த நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ராட்னி புரூக்ஸ் பயின்றதோ தூய கணிதம். 2023இல் நிலவில் ஊர்தியை இறக்கிய சந்திரயான் 3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் இயந்திரவியல் பட்டயப் படிப்பில் தொடங்கியவர்.

இதன் காரணம் வெளிப்படை. எந்திரக் கையின் விரல் எவ்விடத்தில் நிற்கும் என்பதை அதன் மூட்டுகளின் கோணங்களைக் கொண்டு கணிக்க முக்கோணவியலும் அணிகளும் வேண்டும். மோட்டார் இலக்கைத் தாண்டி ஆடாமல் நிற்க வகைக்கெழுச் சமன்பாடுகள் வேண்டும். கேமரா கண்டதைப் பொருள்கொள்ள நிகழ்தகவும் நிரல் எழுதும் பயிற்சியும் வேண்டும். உடலமைப்பில் நாட்டமுடையோர் இயந்திரவியலையும், நரம்பு போன்ற மின்சுற்றுகளில் நாட்டமுடையோர் மின்னணுவியலையும், மூளையில் நாட்டமுடையோர் கணினி அறிவியலையும் கொள்க. பெயர் புதிதாயிருந்து கணிதம் மெலிந்த பாடத்திட்டத்தை நாம் பரிந்துரையோம்.

பொறியியலுக்குப் பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைக்கு இளம் அறிவியல் கணிதமோ இயற்பியலோ தாழ்வன்று. முதுநிலை அறிவியல் முடித்து, கேட் தேர்வெழுதி எம்.டெக். சேர வழியுண்டு. காலம் கூடுதலாகும் என்பதை மறைத்தற்கில்லை. பிள்ளையின் வருவாயை எதிர்நோக்கும் குடும்பத்திற்கு அது சிறு செய்தியன்று. அத்தகையோர் பட்டயப் படிப்பு முடித்து வேலைக்குச் சென்று, பின்னர்ப் பொறியியல் தொடர்வதையும் எண்ணிப் பார்க்கலாம்.

எக்கல்லூரியாயினும் கட்டணம் செலுத்துமுன் ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டக் கேளுங்கள். அங்குள்ள எந்திரக் கையை மாணவர் தொட்டு இயக்குகின்றனரா, கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் போற்றுகின்றனரா என்பதை நோக்குங்கள்.