கட்டட வரைபடத்தில் நாம் எங்கே?

2023 ஜூலை 14 பிற்பகல் சந்திரயான்-3 கிளம்பியபோது நான் பழவேற்காட்டில் ஓர் இருளர் குடியிருப்பில் இருந்தேன். ஏரிக்கு வடக்கே வானத்தில் முதலில் வெளிச்சம், பிறகு வெள்ளைக் கோடு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் சத்தம். பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை.

அதே வாரம் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த ஓர் அக்காவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். இறால் தடவப் போனபோது சிப்பி கிழித்துக் கால் வீங்கியிருந்தது. இறால் தடவுவது என்றால் என்னவென்று தெரியாத தோழர்களுக்காகச் சொல்கிறேன். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி, அகப்படும் இறாலைப் பல்லில் கவ்விய பறியில் போடுவது. வலை கிடையாது, படகு கிடையாது. அக்கா ஏரியிலிருந்து நேராக வந்ததால் புடவை ஈரம். புதிய கட்டடம், பளபளவென்று டைல்ஸ் தரை. வாசலில் இருந்த தூய்மைப் பணியாளர் தடுத்தார். "ஈரத்தோட உள்ள போனா வழுக்கும்மா. காயட்டும், வெளிய உட்காரு." வெளியே நாற்காலி இல்லை, நிழலும் இல்லை. முக்கால் மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தோம்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் தடுத்தவர் மீது கோபப்பட மனம் வரவில்லை. அவரும் நம் காலனிப் பெண்தான், ஒப்பந்தக் கூலி. ஈரமான தரையைத் துடைக்க வேண்டியவர் அவர். யாராவது வழுக்கி விழுந்தால் வேலை போவதும் அவருக்குத்தான். ஏரிக்கரை ஊரில், நனைந்த காலோடு வருகிறவர்களே அதிகம் இருக்கும் ஊரில், வழுக்கும் டைல்ஸைத் தேர்ந்தெடுத்த ஆள் அங்கே இல்லை. அவர் எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒரு வரைபடத்தில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்த வரி ஓர் இருளர் பெண்ணையும் ஒரு தலித் பெண்ணையும் வாசலில் எதிரெதிராக நிறுத்தியது.

அந்த வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

எந்தப் பெரிய கட்டடத்துக்கும் கோடு போடும் முன்னால் ஒரு தேவைப் பட்டியல் தயாராகிறது. இந்தக் கட்டடம் யாருக்கு, அவர்களுக்கு என்னென்ன வேண்டும் என்ற பட்டியல். அந்தப் பட்டியல் எவ்வளவு நுணுக்கமாக இருக்க முடியும் என்பதற்கு நம் கண்ணெதிரே உள்ள உதாரணம் ஸ்ரீஹரிகோட்டா. அங்கே முதல் ஏவுதளத்தில் ராக்கெட்டை நின்ற இடத்திலேயே கட்டுவதற்காக 76 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று இருக்கிறது. ராக்கெட் தயாரானதும் அந்தக் கோபுரமே தண்டவாளத்தில் உருண்டு பின்னால் போய்விடும். 2005இல் செயல்பாட்டுக்கு வந்த இரண்டாம் ஏவுதளத்தில் முறை தலைகீழ். தனியான உயரக் கட்டடத்துக்குள் ராக்கெட்டைக் கட்டி முடித்து, நின்றவாக்கிலேயே ஒரு மேடையோடு சேர்த்துச் சுமார் ஒரு கிலோமீட்டர் தண்டவாளத்தில் நகர்த்துகிறார்கள். செயற்கைக்கோளைத் தயார்செய்யும் அறையில் தூசியின் அளவுக்கு எல்லை உண்டு. வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் உண்டு. கிளம்பும்போது வரும் தீயைத் திசைதிருப்பிவிடக் கீழே ஒரு பெரிய பள்ளம். ராக்கெட் என்ன கேட்கும், எது பட்டால் கெடும், எப்போது ஆபத்தாகும் என்று ஒவ்வொன்றையும் யோசித்த பிறகே கட்டியிருக்கிறார்கள். வாய் பேசாத ஓர் இயந்திரத்தின் தேவைகளை இவ்வளவு பொறுமையாகக் கேட்கத் தெரிந்த நாடு இது.

அங்கே இன்னொன்றும் கட்டப்பட்டது. வெற்றிடம். திட எரிபொருள் தயாரிக்கும் கூடம், சேமிக்கும் கிடங்கு, ஏவுதளம், கட்டுப்பாட்டு மையம் ஆகியவற்றுக்கு இடையே பாதுகாப்புத் தூரம் வேண்டும். ஒன்று வெடித்தால் மற்றொன்றுக்குப் பரவக் கூடாது. அந்தத் தூரமும் சுவர், கூரை போலக் கட்டடத்தின் ஓர் உறுப்புதான். அதற்காகத்தான் 145 சதுர கிலோமீட்டருக்குக் குறையாத நிலம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், கிழக்கே திறந்த கடல், பெரும்பாலும் ஆளில்லாத தீவு என்பதால் 1969இல் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று படித்திருப்பீர்கள்.

ஆளில்லாத தீவா? அங்கே யானாதிகள் இருந்தார்கள். ஆந்திரத்தில் பட்டியல் பழங்குடியான யானாதிகளும் ஸ்ரீஹரிகோட்டாக் காடும் பிரிக்க முடியாதவர்கள் என்று பிரிட்டிஷ் காலத்துப் பதிவுகளே சொல்கின்றன. மதராஸ் பட்டணத்து அடுப்புகளுக்குப் பக்கிங்காம் கால்வாய் வழியாகப் போன விறகு அந்தக் காட்டிலிருந்து வெட்டியது. மீனவக் குடும்பங்களும் இருந்தன. திட்டம் வந்ததும் குடும்பங்கள் வெளியேறின, ஏரியைச் சுற்றிய கரைகளில் நெருக்கியடித்துக் குடியேறின. ராக்கெட்டுக்கு விலகல் தூரம் வேண்டும் என்ற வரி தேவைப் பட்டியலில் ஏறியது. அந்தத் தூரத்துக்குள் வாழ்ந்தவர்களின் தேவை அதற்கு இணையான ஒரு வரியாக ஏறவில்லை என்பது என் கருத்து.

1963இல் தும்பாவில் நடந்ததை இத்துடன் வைத்துப் பாருங்கள். அந்த மீனவக் கிராமத்தின் மேரி மக்தலேனா தேவாலயமும் ஆயர் இல்லமும் இந்தியாவின் முதல் ராக்கெட் நிலையத்துக்கு அலுவலகமும் கூடமும் ஆயின. மீனவர்களின் கோயிலில்தான் இந்திய விண்வெளி தொடங்கியது என்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். இன்று குலசேகரன்பட்டினத்தில் 2,000 ஏக்கருக்கு மேல் எடுத்து இரண்டாவது ஏவுதள வளாகம் வருகிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலேயே மூன்றாம் ஏவுதளத்துக்கு 2025 ஜனவரியில் 3,984.86 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஏவும் நாட்களில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்ற அறிவிப்பு வருகிறது. ஏவுதலின் எண்ணிக்கை கூடும்போது அந்த நாட்களும் கூடும். அன்றைய கூலியை ஏவுதளத்தின் செலவுக் கணக்கிலேயே ஒரு வரியாகச் சேர்ப்பதில் என்ன தொழில்நுட்பச் சிக்கல் இருக்க முடியும்?

அரசை மட்டும் திட்டிவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. ஏரிக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. பாடு முறை. இறால் நன்றாகப் படும் இடங்களில் யார், என்றைக்கு வலை போடுவது என்பதைத் தலைக்கட்டுக் கணக்கில் குலுக்கிப் போட்டு முடிவுசெய்யும் பழைய ஏற்பாடு. ஆய்வாளர்கள் பலரும் இதைச் சமுதாயமே வளத்தைக் காக்கும் அருமையான முறை என்று எழுதியிருக்கிறார்கள். நானும் முதுகலை படிக்கும்போது அப்படித்தான் படித்தேன், தேர்விலும் அப்படியே எழுதினேன். அந்தத் தலைக்கட்டுப் பட்டியல் பட்டினவர் ஆண்களுடையது. தலித் மீனவர்களுக்கும் இருளர்களுக்கும் அதில் இடமில்லை என்பதைக் களத்துக்கு வந்த பிறகுதான் முழுதாக உணர்ந்தேன். அக்கா ஏன் வலையில்லாமல் சேற்றைத் துழாவினார், ஏன் கால் கிழிந்தது என்பதற்கான பதில் மருத்துவமனையில் தொடங்கவில்லை.

இனி மருத்துவமனைகளுக்கு வருவோம். ராக்கெட் நிலையத்துக்கு அடுத்தபடியாகச் சிக்கலான கட்டடம் எதுவென்றால் பெரிய மருத்துவமனைதான். எம்ஆர்ஐ அறையைச் சுற்றி வெளி ரேடியோ அலை உள்ளே வராமல் செம்புத் தகட்டுக் கூண்டு வேண்டும். இயந்திரத்தின் எடையைத் தரை தாங்க வேண்டும். உள்ளே உள்ள ஹீலியம் திடீரென்று ஆவியானால் வெளியேறத் தனிக் குழாய் வேண்டும். புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும் அறையின் கான்கிரீட் சுவர் ஓர் ஆளின் உயரத்துக்குக் குறையாத பருமன்கூட இருக்கும். ஆபரேஷன் தியேட்டரில் காற்று உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும், வெளிக்காற்று உள்ளே புகக் கூடாது.

இதெல்லாம் செய்ய நம் அரசுக்குத் தெரியும், வேகமாகவும் செய்யத் தெரியும். சட்டமன்றத்துக்காக ஜெர்மானியக் கட்டடக் கலைஞர்களைக் கொண்டு கட்டி 2010 மார்ச்சில் திறந்த ஓமந்தூரார் வளாகத்தை, ஆட்சி மாறியதும் பன்னோக்கு மருத்துவமனையாக்கி 2014 பிப்ரவரியில் திறந்தார்கள். உறுப்பினர்கள் உட்காரக் கட்டிய கட்டடத்துக்குள் ஆபரேஷன் தியேட்டர்களைக் கொண்டுவர முடிந்தது. கிண்டியில் 1,000 படுக்கைகளோடு கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையை ஏறத்தாழ 15 மாதங்களில் கட்டி 2023 ஜூனில் திறந்தார்கள். இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் மக்களும் அங்கே போகிறார்கள். பேருந்து மாறி, ஒரு நாள் கூலியை விட்டு, கூட ஓர் ஆளையும் இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

அந்தத் தியேட்டர் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சுத்தமான பாதை, அழுக்குப் பாதை என்று இரண்டு இருக்கும். மருத்துவரும் கருவியும் நோயாளியும் ஒரு வழியில் உள்ளே போக, ரத்தத் துணியும் வெட்டி எடுத்த கழிவும் இன்னொரு வழியில் வெளியே போகும். கிருமி பரவாமல் இருக்க இது அவசியம், மருத்துவ அறிவியல் சரிதான். ஆனால் அந்த இரண்டாவது வழியில் ஆண்டு முழுவதும் யார் நடக்கிறார்கள்? அவர்களுக்கு உடை மாற்ற அறை எந்த மாடியில் இருக்கிறது? குளிக்கத் தண்ணீர் உண்டா, சாப்பிட இடம் உண்டா? நான் பார்த்த மருத்துவமனைகளில் படிக்கட்டுக்கு அடியில் சாப்பிடுகிறார்கள். ஊரும் சேரியும் ஒரு வரைபடம்தான் என்று நாம் அடிக்கடி சொல்வோம். அந்த வரைபடம் ஏசி போட்ட கட்டடத்துக்குள்ளும் இருக்கிறது.

வரைபடக் கட்டின் கடைசித் தாளில் கழிவுநீர்த் தொட்டி இருக்கும். மனிதர் இறங்கினால்தான் அடைப்பு எடுக்க முடியும் என்ற ஆழத்திலும் வளைவிலும் அதை வரைந்தவர், 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த வேலையைக் கான்கிரீட்டில் எழுதி வைத்துவிட்டார். இறந்த பிறகு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் அதை 30 லட்சமாக்கியது. இழப்பீட்டுத் தொகை உயர்கிறது, தொட்டியின் வடிவம் மாறவில்லை. உறிஞ்சு குழாய் எட்டும் ஆழம், வண்டி பக்கத்தில் வந்து நிற்க இடம், வெளியிலிருந்தே திறந்து கழுவும் வாய் இவற்றை வரையும்போதே போட்டுவிட்டால் யாரும் உள்ளே இறங்க வேண்டியதில்லை.

"அதெல்லாம் சரி, ஏரிக்கரைக்கு எம்ஆர்ஐயா கேட்கிறீர்கள்?" என்று ஒரு பொறியாளர் நண்பர் சிரித்தார். இல்லை. ராக்கெட்டுக்குத் தந்த கவனத்தைக் கேட்கிறேன். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000 பேர், மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 20,000 பேர் என்று கணக்கு. அந்தக் கணக்கு தலைகளை எண்ணுகிறது. தண்ணீரைக் கடக்கும் நேரத்தை எண்ணவில்லை. எங்கள் பட்டியலை எங்களைக் கேட்டு எழுதினால் முதல் வரி படகு வந்து நிற்கும் துறையாக இருக்கும், அங்கிருந்து ஸ்ட்ரெச்சர் உருளும் சாய்தளம். இரண்டாவது, கட்டடத்தின் தரைமட்டம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் நின்ற அளவுக்கு மேலே. மூன்றாவது, உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துக் கூரை பெயராமல் இருக்க அதற்கேற்ற கான்கிரீட். நனைந்தாலும் வழுக்காத தரை. வாசலிலேயே கால் கழுவக் குழாயும் உடை மாற்ற ஒரு மறைப்பும்.

பிறகு பாம்புக்கடி. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தருவதில் பெரும்பங்கு வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உண்டு. 2023இல் இருளர் இருவருக்குப் பாம்பு பிடிக்கும் அறிவுக்காகப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பொடியாக உறையவைத்த அந்த மருந்தை ஃபிரிட்ஜ் இல்லாமலும் வைத்திருக்கலாம். ஆனால் நாகமோ கட்டுவிரியனோ கடித்து மூச்சு நின்றால் மருந்து மட்டும் போதாது, செயற்கைச் சுவாசம் வேண்டும். அதற்கு ஆக்சிஜன் குழாயும் அணையாத மின்சாரமும் உள்ள ஓர் அறை வேண்டும். ஒரே ஓர் அறை. மற்ற ஊர்களுக்கு உயிர் தரும் நஞ்சை எடுத்துக் கொடுக்கிறவர்கள், தங்கள் பிள்ளையை மூச்சுத் திணறத் திணறப் பொன்னேரிக்கும் அங்கிருந்து சென்னைக்கும் தூக்கிக்கொண்டு ஓடாமல் இருக்க ஓர் அறை.

கல்லூரியில் படிக்கும் தோழர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நம் கூட்டங்களில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், சமூகவியல் படித்தவர்கள் தேவைக்கு மேலேயே இருக்கிறோம். வரைபடம் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. கட்டடக்கலையோ சிவில் இன்ஜினியரிங்கோ படிக்கிறவர்கள் வாருங்கள். உங்கள் ஊரில் கட்டப்போகும் சுகாதார நிலையத்தின் வரைபடத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். முகப்புப் படத்தை ஒதுக்கி வையுங்கள், அதில் மரமும் காரும்தான் இருக்கும். தரைமட்ட அளவு, கழிவுநீர்த் தாள், பணியாளர் அறை இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். டெண்டர் விட்ட பிறகு ஒரு சுவரை நகர்த்துவதும் கஷ்டம், அதற்கு முன்னால் ஓர் அழிரப்பர் போதும்.

அக்காவின் கால் ஆறிவிட்டது, மறுபடி ஏரிக்குப் போகிறார். அக்டோபர் 2 கிராமசபையில் படகுத்துறையும் சாய்தளமும் கேட்டு ஒரு தீர்மானம் கொண்டுபோகிறோம். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்திருக்கிறார்கள், இதுவரை இரண்டு தாள் நிறைந்திருக்கிறது. மூன்றாவது தாளில் முதல் கைநாட்டு, அன்றைக்கு வாசலில் எங்களைத் தடுத்த அந்தத் தூய்மைப் பணியாளருடையது. பணியாளர்களுக்குச் சாப்பிட ஓர் அறை என்ற வரியையும் சேர்க்கச் சொன்னார், சேர்த்துவிட்டோம்.